பிரெஞ்சு வெங்காய சூப்: மூன்று தடவை செய்தும் சரியாக வரவில்லை, எங்கே தவறுகிறேன்?

தேன்மொழி:

வணக்கம். ஒரு மாதத்தில் மூன்று தடவை பிரெஞ்சு வெங்காய சூப் வைத்துப் பார்த்துவிட்டேன். மூன்றும் மூன்று விதமாகக் கெட்டுப்போயின. பழக்கமுள்ளவர்கள் கொஞ்சம் வழி காட்டுங்கள்.

முதல் தடவை, ஒரு குறிப்பில் "மிதமான தீயில் 20 நிமிடம், வெங்காயம் நன்றாகச் சிவக்கும் வரை" என்று போட்டிருந்ததை அப்படியே நம்பினேன். 20 நிமிடத்தில் ஓரம் மட்டும் சிவந்தது, மற்றதெல்லாம் கண்ணாடி மாதிரிதான் இருந்தது. சூப்பில் வெங்காயம் வேகவைத்த தண்ணீரின் ருசி. இரண்டாவது தடவை வேறொரு குறிப்பைப் பார்த்து இரண்டு மேசைக்கரண்டி சர்க்கரை சேர்த்தேன். நிறம் சட்டென்று வந்தது, ஆனால் ஜீராவில் வெங்காயம் போட்ட மாதிரி ஒரே தித்திப்பு. மூன்றாவது தடவை 40 நிமிடம் அடுப்பைவிட்டு நகரவில்லை. கடைசியில் தீயைக் கொஞ்சம் கூட்டியதும் அடி கருகி சூப் முழுக்கக் கசந்துபோனது. அதே நாளில் ஓவனில் வைத்த கிண்ணம் ஒன்று விரிசலும் விட்டது. எல்லாத் தடவையும் பிரெட் கரைந்து, சீஸ் அடியில் போய் உருண்டையாகக் கிடந்தது.

நான் எடுத்தது: பல்லாரி வெங்காயம் 1 கிலோ, வெண்ணெய் 50 கிராம், ஒரு லிட்டர் தண்ணீரில் இரண்டு சூப் க்யூப், சாண்ட்விச் பிரெட், பீட்சா சீஸ். பாத்திரம் நான்ஸ்டிக் கடாய். ஒயின் சேர்க்கவில்லை.

2019-ல் வேலை விஷயமாகப் பாரிஸ் போயிருந்தேன். சேன் யூஸ்தாஷ் தேவாலயத்துக்குப் பக்கத்தில் ஒரு கடையில், மழை பெய்த ஒரு ராத்திரி, இந்த சூப்பைக் குடித்தேன். அந்த ருசி நாக்கைவிட்டுப் போகவில்லை. அதற்குப் பக்கத்திலாவது வந்தால் போதும்.


புதுவைக்காரி:

பிரெட்டைப் பற்றி மட்டும் நான் சொல்கிறேன், மற்றதைத் தெரிந்தவர்கள் சொல்லட்டும். சாண்ட்விச் பிரெட்டில் பாலும் சர்க்கரையும் எண்ணெயும் இருக்கும். நனைந்தால் கஞ்சியாகிவிடும். பகெத், அதாவது நீளமான பிரெஞ்சு பிரெட், வாங்குங்கள், முதல்நாள் பகெத்தாக இருந்தால் இன்னும் நல்லது. இரண்டு சென்டிமீட்டர் கனத்தில் வெட்டி, 150 டிகிரி ஓவனில் கால் மணி நேரத்துக்கு மேல், உள்ளே ஈரமே இல்லாமல் காயும் வரை வைக்க வேண்டும். மேலே மட்டும் சிவந்து உள்ளே மெத்தென்று இருந்தால் அது மூழ்கத்தான் செய்யும். தட்டினால் ரஸ்க் மாதிரி சத்தம் வர வேண்டும்.


பாரிஸ்_அடுப்படி:

தங்கச்சி தேன்மொழி, நான் பாரிஸ் உணவகங்களில் 19 வருடமாக வேலை செய்கிறேன். வந்த புதிதில் பிளோஞ், அதாவது பாத்திரம் கழுவும் வேலை. பிறகு வெங்காயம் உரிக்க விட்டார்கள். எங்கள் ஆட்கள் கனபேர் இங்கே சமையலுக்குள் வந்த வழி இதுதான். குளிர்காலத்தில் வாரத்துக்கு மூன்று தடவை, ஒவ்வொரு தடவையும் 10 கிலோ வெங்காயம் இந்த சூப்புக்காக வதக்கியிருக்கிறேன். ஆகவே இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாக எழுத ஆசை.

உங்கள் மூன்று தடவைக்கும் அடிப்படைக் காரணம் ஒன்றுதான். வெங்காயத்துக்கு வேண்டிய நேரம் கிடைக்கவில்லை. 20 நிமிடம் என்று எழுதுகிறவர்கள் பிழையாக எழுதுகிறார்கள். ஒன்றரைக் கிலோ வெங்காயத்துக்கு ஒன்றேகால் மணி நேரம் வேண்டும், ஒன்றரை மணி நேரம் ஆனாலும் ஆச்சரியமில்லை. அதைக் குறைக்கத்தான் நீங்கள் சர்க்கரை போட்டீர்கள், அதைக் குறைக்கத்தான் தீயைக் கூட்டினீர்கள்.

நான் செய்கிற முறை, நான்கு பேருக்கு:

வெங்காயம் ஒன்றரைக் கிலோ. இங்கே மஞ்சள் தோல் வெங்காயம். ஊரில் நாங்கள் பம்பாய் வெங்காயம் என்போமே, உங்கள் பல்லாரி, அதிலும் வடிவாக வரும். நிறம் மட்டும் சற்று மங்கலாக இருக்கும். வேரிலிருந்து நுனிக்குப் போகிற வாக்கில், நெடுக்காக, ஐந்து மில்லிமீட்டர் கனத்தில் அரியுங்கள். குறுக்கே வளையமாக அரிந்தால் இவ்வளவு நேர வதக்கலில் கரைந்துவிடும். மெல்லிசாக அரிந்தாலும் அப்படித்தான். சூப்பில் வெங்காயம் நூல் நூலாகக் கரண்டியில் வர வேண்டும்.

அடிகனமான, அகலமான எவர்சில்வர் பாத்திரம், அல்லது எனாமல் பூசிய இரும்புப் பாத்திரம். நான்ஸ்டிக் வேண்டாம். ஏன் என்று கீழே சொல்கிறேன். வெண்ணெய் 50 கிராம், கூட ஒரு மேசைக்கரண்டி எண்ணெய். வெண்ணெய் உருகியதும் வெங்காயம் முழுவதும், ஒரு தேக்கரண்டி உப்பு. கிளறி, மூடி போட்டு, சின்னத் தீயில் 20 நிமிடம். மூடியைத் திறந்தால் வெங்காயம் தன் தண்ணீரிலேயே நீந்திக்கொண்டிருக்கும். அது சரி. இனி மூடி வேண்டாம், தீயை மிதமாக்கி அந்தத் தண்ணீர் வற்றும் வரை விடுங்கள். இது இன்னொரு 20 நிமிடம். இந்த 40 நிமிடத்துக்குப் பக்கத்தில் நிற்க வேண்டியதில்லை, எப்போதாவது கிளறினால் போதும்.

அதற்குப் பிறகுதான் உண்மையான வேலை. தண்ணீர் வற்றியதும் சத்தம் மாறும். கொதிக்கிற சத்தம் போய், எண்ணெயில் பொரிகிற சத்தம் வரும். அடியில் ஒரு பழுப்புப் படலம் ஒட்டும். நம் வீடுகளில் அம்மா சொல்லித் தந்தது என்ன? அடிப்பிடிக்க விடாதே. அதனால் நம் கை உடனே தீயை அணைக்கப் போகும், இல்லாவிட்டால் தண்ணீரைக் கொட்டும். இந்த சூப்பில் அந்தப் படலம்தான் ருசியே. அது பழுப்பாக ஒட்டட்டும். கருக்க மட்டும் விடாதீர்கள். ஒட்டியதும் இரண்டு மேசைக்கரண்டி தண்ணீர் விட்டு மர அகப்பையால் சுரண்டி வெங்காயத்தோடு கலந்துவிடுங்கள். மறுபடி ஒட்டும். மறுபடி சுரண்டுங்கள். நான்கு தடவை, ஐந்து தடவை. ஒவ்வொரு தடவையும் நிறம் ஒரு படி கூடும். நான்ஸ்டிக்கில் இந்தப் படலமே உருவாகாது. அதனால்தான் வேண்டாம் என்றேன்.

முடிவில் வெங்காயம் ஆரம்பத்தில் இருந்ததில் கால் பங்குதான் இருக்கும். நிறம் பனங்கட்டி நிறம், கறுப்பு அல்ல. வாயில் போட்டால் இனிப்பும் உப்பும் சேர்ந்து இருக்கும், பச்சை வாசம் துளியும் இருக்காது.

அப்புறம் ஒன்றரை மேசைக்கரண்டி மைதா தூவி இரண்டு நிமிடம் வதக்கி, 200 மில்லி இனிப்பில்லாத வெள்ளை ஒயின் விட்டு, அது பாதியாக வற்றியதும் ஒன்றரை லிட்டர் மாட்டெலும்பு ஸ்டாக், அதாவது எலும்பு வேகவைத்து வடித்த சாறு. தைம் என்ற மூலிகை மூன்று கொத்து, லோரியே இலை (ஐரோப்பிய பே லீஃப்) ஒன்று. அரை மணி நேரம் மெல்லக் கொதிக்கட்டும். இறக்கும்போது மிளகும், இருந்தால் ஒரு கரண்டி கோன்யாக் பிராந்தியும். உப்பைக் கடைசியில்தான் பார்க்க வேண்டும், ஏனென்றால் சீஸிலும் உப்பு இருக்கிறது. ஒரு லிட்டருக்கு இரண்டு க்யூப் போட்டு அதையும் வற்றவைத்தால் கரித்துவிடும். க்யூப்தான் கையில் இருக்கிறது என்றால் பாதி போடுங்கள்.

கிண்ணத்துக்கும் சீஸுக்கும் நாளைக்கு வருகிறேன், வேலைக்கு நேரமாகிவிட்டது.


தேன்மொழி:

அண்ணா, இவ்வளவு பொறுமையாக எழுதியதற்கு மனமார்ந்த நன்றி. அடிப்பிடிக்கிற விஷயம் எனக்கு இதுவரை யாரும் சொல்லாதது. ஒட்ட ஆரம்பித்ததும் பயந்து கிளறிக்கொண்டே இருந்தேன்.


வேதியியல்_வாத்தியார்:

பள்ளியில் வேதியியல் எடுக்கிறேன், வீட்டில் சமையலும் என் பொறுப்பு. பாரிஸ்காரர் சொன்னதற்குப் பின்னால் இருக்கும் காரணத்தைச் சொன்னால் தேன்மொழிக்குப் பயன்படும்.

100 கிராம் வெங்காயத்தில் சுமார் 89 கிராம் தண்ணீர். சர்க்கரை 4 கிராமுக்குச் சற்று மேல். பாத்திரத்தில் தண்ணீர் நிற்கும்வரை வெங்காயத்தின் வெப்பநிலை 100 டிகிரியைத் தாண்டாது, தீயை எவ்வளவு கூட்டினாலும் சரி. நாம் எதிர்பார்க்கிற பழுப்பு நிறமும் மணமும் சர்க்கரையும் அமினோ அமிலங்களும் சேர்ந்து வினைபுரிவதால் வருபவை. மெயார் வினை என்பார்கள். லூயி கமீய் மெயார் என்ற பிரெஞ்சு வேதியியலாளர் 1912-ல் இதைப் பற்றி எழுதினார். அது வேகம் எடுக்க 140 டிகிரி பக்கம் போக வேண்டும். ஆகவே முதல் 40 நிமிடம் தண்ணீரை வெளியேற்றும் நேரம். அதைத் தீயால் அவசரப்படுத்தினால் அடியில் படுகிற வெங்காயம் கருகும், மேலே இருப்பது பச்சையாகவே இருக்கும். முதல் தடவை ஓரம் சிவந்து நடு வெளுத்திருந்ததே, அது இதனால்தான்.

எல்லோரும் இதைக் கேரமல் ஆக்குவது என்கிறார்கள். சர்க்கரை தானாக வெப்பத்தில் உடைவதுதான் கேரமல். வெங்காயத்தில் அதுவும் கொஞ்சம் நடக்கிறது, ஆனால் அந்த இறைச்சி போன்ற ஆழமான வாசனையைத் தருவது மெயார் வினை. நீங்கள் வெளியிலிருந்து சர்க்கரை போட்டபோது கிடைத்தது வெறும் கேரமல். நிறம் வந்தது, மணம் வரவில்லை.

இன்னொன்று. காரமான வெங்காயம் இந்த சூப்புக்கு ஆகாது என்று நினைக்க வேண்டாம். காரமான வெங்காயத்திலும் சர்க்கரை குறைவில்லை, காரம் அதை மறைக்கிறது, அவ்வளவுதான். கண்ணைக் கரிக்கிற அந்தக் கந்தகப் பொருள் சூட்டில் பறந்தும் சிதைந்தும் போய்விடும். அரிவதற்கு முன் அரை மணி நேரம் ஃபிரிஜ்ஜில் வைத்தால் கண்ணெரிச்சல் குறையும்.


டொராண்டோ_செல்வி:

எனக்கு இரண்டு சின்னப் பிள்ளைகள். ஒன்றரை மணி நேரம் அடுப்பருகில் நிற்க முடியாது. பிரஷர் குக்கரில் வெங்காயத்தோடு வெண்ணெயும் கால் தேக்கரண்டி சோடா உப்பும் போட்டு 20 நிமிடம் வைத்தால் நல்ல பழுப்பாக வருகிறது. பிறகு திறந்து தண்ணீரை வற்றவைத்தால் போதும். ஏன் யாரும் இதைச் சொல்வதில்லை?


பாரிஸ்_அடுப்படி:

செல்வி அக்கா, பிள்ளைகளோடு சமைக்கிறது எவ்வளவு கஷ்டம் என்று தெரியும். ஆனால் நான் அதைச் செய்து பார்த்திருக்கிறேன், எனக்கு ஒத்துவரவில்லை. வருவது வெங்காய ஜாம். பாணில், அதாவது பிரெட்டில், பூச நல்லது. சூப்பில் கரண்டிக்குச் சிக்க எதுவும் இல்லை.


வேதியியல்_வாத்தியார்:

இரண்டு பேர் சொல்வதும் சரி. குக்கருக்குள் அழுத்தத்தால் 120 டிகிரி வரை போகிறது, சோடா உப்பு காரத்தன்மையைக் கூட்டுகிறது, இரண்டும் மெயார் வினையை விரைவாக்கும். அதே காரத்தன்மை வெங்காயத்தின் செல்களைப் பிணைத்திருக்கும் பெக்டினையும் உடைத்துவிடும். அதனால்தான் ஜாம்.

நம் ஊர் வெங்காயத்தில் கூடுதல் சிக்கலும் உண்டு. சிவப்பு வெங்காயத்தின் நிறமி காரத்தன்மையில் நீலப் பச்சையாக மாறும். பல்லாரியோடு சோடா உப்பு சேர்த்தால் இடையில் ஒரு அழுக்குப் பச்சை நிறம் வந்து பயமுறுத்தும். பழுப்பு ஏறினால் மறையும் என்றாலும் நான் சேர்க்க மாட்டேன்.

நேரம் இல்லாதவர்களுக்கு வேறு வழி: அரிந்த வெங்காயத்தை முதல்நாளே ஃப்ரீசரில் வையுங்கள். உறையும்போது செல்கள் வெடிக்கும், அடுப்பில் போட்டதும் தண்ணீர் சீக்கிரம் வெளியே வரும். முதல் 20 நிமிடத்தில் பாதி மிச்சம்.


பாரிஸ்_அடுப்படி:

இன்னொரு வழி, ஓய்வு நாளில் மூன்று கிலோவாக வதக்கி, பங்கு பிரித்து ஃப்ரீசரில் வைத்துவிடுவது. மூன்று மாதம் தாங்கும். என் வீட்டில் அப்படித்தான். சூப் என்ன, ஆம்லெட்டுக்கும் எடுக்கலாம்.

சொன்னபடி இப்போது கிண்ணம். சூடான ஓவனுக்குள் போகிற கிண்ணம் கனமான பீங்கானாக, கிரில் சூட்டை, அதாவது ஓவனில் மேலிருந்து வரும் சூட்டை, தாங்கும் என்று அடியில் எழுதியிருப்பதாக இருக்க வேண்டும். இங்கே பழைய கடைகளில் இரண்டு பக்கமும் சிங்கத் தலை வைத்த வெள்ளைக் கிண்ணம் பார்ப்பீர்கள், அது இந்த சூப்புக்கென்றே வைத்திருப்பது. தேன்மொழியின் கிண்ணம் வெடித்தது பெரும்பாலும் சூட்டு வித்தியாசத்தால்தான். குளிர்ந்த கிண்ணத்தில் கொதிக்கிற சூப்பை ஊற்றி உடனே கிரில்லுக்குக் கீழே வைக்கக் கூடாது. முதலில் வெந்நீர் ஊற்றிக் கிண்ணத்தைச் சூடாக்குங்கள். கிரில்லிலிருந்து எடுத்ததும் ஈரத் துணி மேல் வைக்காதீர்கள்.

விளிம்புக்கு ஒரு சென்டிமீட்டர் கீழே வரை சூப் நிரப்புங்கள். குறைவாக ஊற்றினால் பாண் கீழே தாழ்ந்து, சீஸ் சூட்டுக்கு எட்டாது. காய்ந்த பாணை மேலே நெருக்கமாக அடுக்கி, இடைவெளி இல்லாமல் மூடி, அதன் மேல் துருவிய சீஸ் ஆளுக்கு 50 கிராம், கிண்ண விளிம்பைத் தொடும்படி. கிரில்லில் மூன்று முதல் ஐந்து நிமிடம். அங்கங்கே பழுப்புப் புள்ளி வந்ததும் எடுங்கள்.

நல்ல கிண்ணம் இல்லையென்றால் கவலை வேண்டாம். பாணின் மேல் சீஸை வைத்துத் தட்டிலேயே உருக்கி, பரிமாறும்போது சூப்பின் மேல் மிதக்க விடுங்கள். விளிம்பில் ஒட்டிய மொறுமொறுப்பு மட்டும் கிடைக்காது.

பாண் பற்றிப் புதுவைக்காரி சொன்னது அச்சொட்டு. கூட ஒரு சந்தோஷத்தையும் சொல்ல வேண்டும். 2023-ல் பாரிஸின் சிறந்த பகெத் பரிசை வென்றவர் இலங்கையிலிருந்து வந்த தமிழர், தர்ஷன் செல்வராஜா. 20-ஆம் வட்டாரத்தில் பேக்கரி. பரிசு பெறுபவர் ஒரு வருடம் ஜனாதிபதி மாளிகைக்கு பகெத் கொடுப்பது வழக்கம். அந்தச் செய்தி வந்த நாள் எங்கள் சமையலறையில் எல்லோரும் எனக்குக் கைகொடுத்தார்கள், நான்தான் சுட்ட மாதிரி.


சைவ_அடுக்களை:

நல்ல இழை. நாங்கள் சுத்த சைவம். மாட்டெலும்பு ஸ்டாக்கும் ஒயினும் இல்லாமல் செய்தால் அதை பிரெஞ்சு வெங்காய சூப் என்றே சொல்லக் கூடாது என்று ஒருவர் என்னிடம் கண்டிப்பாகச் சொன்னார். அப்படியா? நான் துவரம்பருப்பு வேகவைத்த தெளிந்த தண்ணீரை ஊற்றிச் செய்கிறேன், வீட்டில் எல்லோருக்கும் பிடித்திருக்கிறது. சீஸிலும் ஏதாவது கவனிக்க வேண்டுமா?


வேதியியல்_வாத்தியார்:

அப்படிச் சொன்னவர் சூப்பின் வரலாற்றைப் பார்க்கவில்லை. 1651-ல் லா வாரென் என்ற பிரெஞ்சு சமையல்காரர் வெளியிட்ட நூலில் வெங்காய சூப் இருக்கிறது. மெல்லிசாக அரிந்த வெங்காயத்தை வெண்ணெயில் வதக்கி, தண்ணீரோ பட்டாணி வேகவைத்த நீரோ ஊற்றுவது என்பது அதன் முறை. கத்தோலிக்க நாட்டில் தவக்காலத்திலும் விரத நாட்களிலும் இறைச்சி கூடாது, அதனால் பட்டாணித் தண்ணீரே ஸ்டாக். உங்கள் பருப்புத் தண்ணீர் அதற்கு நேர் உறவு. மாட்டெலும்பு ஸ்டாக் ஊற்றுவது உணவக வழக்கம். நல்ல வழக்கம்தான், ஆனால் அது இல்லாவிட்டால் சூப்பே இல்லை என்பது தவறு.

இன்னும் ஆழம் வேண்டுமென்றால் காய்ந்த ஷிடாகே காளான் நான்கைந்தை வெந்நீரில் ஊறவைத்து அந்த நீரைச் சேருங்கள். காளானில் இருக்கும் குவானிலேட், தக்காளி, சோயா சாஸ் போன்றவற்றில் இருக்கும் குளுட்டமேட் ஆகிய இரண்டு சுவைப் பொருள்களும் சேர்ந்தால் தனித்தனியாக இருப்பதைவிடப் பல மடங்கு ருசி தரும். ஒரு தேக்கரண்டி தக்காளி பேஸ்ட்டை வெங்காயத்தோடு கருஞ்சிவப்பாகும் வரை வதக்கி, இறக்கும்போது ஒரு தேக்கரண்டி சோயா சாஸ் விட்டால் போதும். வெங்காயத்தின் காய்ந்த வெளித்தோலைக் கழுவி ஸ்டாக்கில் போட்டு வடித்தால் நிறமும் வரும்.

ஒயின் தருவது புளிப்பு. அந்த இனிப்புக்கு எதிரே ஏதாவது புளிப்பு நிற்கத்தான் வேண்டும். இரண்டு தேக்கரண்டி ஆப்பிள் சைடர் வினிகரைத் தண்ணீரில் கலந்து விடுங்கள். புளி வேண்டாம், அது தன் ருசியை முன்னால் கொண்டுவந்துவிடும்.


பாரிஸ்_அடுப்படி:

ஐயா சொன்னது உண்மை. இங்கே கிராமத்து வீடுகளில் இன்றைக்கும் தண்ணீர் ஊற்றித்தான் செய்கிறார்கள். வெங்காயம் சரியாக வதங்கியிருந்தால் தண்ணீரிலேயே சாறு இறங்கும்.

சீஸைப் பற்றி: இந்த சூப்புக்குப் பேர்போனது க்ருயேர். சுவிட்சர்லாந்தில் ஃப்ரீபூர் பக்கம் க்ருயேர் என்ற ஊர்ப் பேரால் வந்தது. எல்லைக்கு இந்தப் பக்கம் ஜூராவில் செய்கிற கோன்தேயும் அதே அளவு நல்லது, எனக்குக் கோன்தே இன்னும் பிடிக்கும். ஆனால் இரண்டையும் கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுக்கும் உறைபொருளால்தான் உறைய வைக்கிறார்கள். சைவக்காரர் கட்டாயம் கவனிக்க வேண்டியது இது. பார்மெசானும் அப்படித்தான்.


புதுவைக்காரி:

இந்தியாவில் செய்கிற கௌடா, எமென்டால் பெரும்பாலும் நுண்ணுயிர் உறைபொருளில் செய்தவை. உறையில் பச்சைப் புள்ளி பார்த்து வாங்கலாம். நான் இரண்டையும் பாதிப் பாதி கலப்பேன், கொஞ்சம் மிளகும். பீட்சாவுக்கு வரும் மொசரெல்லா இழுபடும், ருசி கிடையாது. டப்பாவில் வரும் பதப்படுத்திய சீஸ் இதற்குச் சரிவராது, மேலே தோல் மாதிரி படிந்துவிடும்.

ஒரு திருத்தம். லோரியே இலை என்றதும் கடையில் பிரிஞ்சி இலை வாங்கிவிடாதீர்கள். பிரிஞ்சி இலையில் நெடுக்காக மூன்று நரம்பு ஓடும், பட்டை வாசம் வரும். லோரியேயில் நடுநரம்பு ஒன்றுதான், வாசமும் வேறு. கிடைக்காவிட்டால் விட்டுவிடலாம், பிரிஞ்சி இலை போட்டால் குருமா வாசம் வந்துவிடும்.


டொராண்டோ_செல்வி:

இங்கே உணவகங்களில் இந்த சூப்பைக் கேட்டால் மேலே ஒரு விரல் கனத்துக்குச் சீஸ்தான் வருகிறது, கீழே சூப்பைத் தேட வேண்டும். பாரிஸில் எப்படி?


பாரிஸ்_அடுப்படி:

அக்கா, இங்கேயும் சுற்றுலாக்காரர் கூடுகிற இடங்களில் அந்தக் குறை உண்டு. ஆனால் இது சீஸ் காட்ட வந்த சாப்பாடு இல்லை. வேலை செய்கிறவனின் சாப்பாடு.

தேன்மொழி சேன் யூஸ்தாஷ் தேவாலயம் என்று எழுதியதும் எனக்கு மனசு நிறைந்துவிட்டது. அதன் வாசலில்தான் லே ஆல் சந்தை இருந்தது. பாரிஸ் முழுக்கச் சாப்பிட வேண்டிய காய்கறி, மீன், இறைச்சி எல்லாம் ராத்திரியில் அங்கே வந்து இறங்கும். மூட்டை தூக்குகிறவர்கள் குளிரில் விடிய விடிய வேலை செய்வார்கள். அவர்களுக்கு அதிகாலையில் சூடாக, வயிறு நிறைய, மலிவாகக் கிடைத்தது இந்த சூப். வெங்காயம் மலிவு, பழைய பாண் மலிவு. மேலே சீஸ் வைத்து ஓவனில் சிவக்க வைத்ததை க்ராத்தினே என்பார்கள். பிறகு நாடகம் பார்த்து, நடனம் ஆடிவிட்டு வருகிற பணக்காரர்களும் அதே மேசைகளுக்கு வர ஆரம்பித்தார்கள். ஒரு பக்கம் இரத்தக் கறை படிந்த மேலங்கியோடு இறைச்சி வெட்டுகிறவர், மறுபக்கம் பட்டுச் சட்டைக்காரர், இரண்டு பேருக்கும் ஒரே சூப்.

1969-ல் சந்தையை நகருக்குத் தெற்கே ரன்ஜிஸுக்கு மாற்றிவிட்டார்கள். பல்தார் என்ற கட்டடக் கலைஞர் கட்டிய சந்தையின் இரும்புக் கூடங்களை 1970-களின் தொடக்கத்தில் இடித்தார்கள். ஒன்றை மட்டும் கழற்றிக் கொண்டுபோய் நொஜான் சுர் மார்னில் மறுபடி நிறுத்தினார்கள், அதை நான் பார்த்திருக்கிறேன். எங்கள் உணவகத்துக்கு இப்போதும் வெங்காயம் ரன்ஜிஸிலிருந்துதான் விடியுமுன் வருகிறது. பழைய சந்தை இடத்தில் இன்று நிலத்தடி ரயில் நிலையமும் கடைத்தொகுதியும் இருக்கின்றன. சூப் மட்டும் அந்தத் தெருக்களைவிட்டுப் போகவில்லை.

இன்னொரு வழக்கமும் இங்கே உண்டு. கல்யாண வீட்டில் ராத்திரி முழுக்க ஆடிப் பாடிய பிறகு, விடியப்போகிற நேரத்தில் மிச்சம் இருக்கிற விருந்தாளிகளுக்கு வெங்காய சூப் கொடுப்பார்கள். என்னோடு வேலை செய்த ஒரு பையனின் கல்யாணத்தில் காலை நான்கு மணிக்கு அதை நான்தான் கிண்டினேன். குடித்துவிட்டு மாப்பிள்ளையின் தாத்தா வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்றும் பேசாமல் நின்றார். வேறு எந்தப் பாராட்டையும் நான் அவ்வளவு நினைத்துப் பார்ப்பதில்லை.


தேன்மொழி:

எல்லோருக்கும் வணக்கம். ஞாயிற்றுக்கிழமை மறுபடி செய்தேன். நடந்ததை அப்படியே சொல்கிறேன்.

பல்லாரி ஒன்றரைக் கிலோ, நெடுக்காக அரிந்தேன். பக்கத்து வீட்டு அக்காவிடம் அடிகனமான எவர்சில்வர் பாத்திரம் கடன் வாங்கினேன். மூடி போட்டு 20 நிமிடம், திறந்து 25 நிமிடம். அண்ணா சொன்ன அந்தச் சத்தம் மாறுவது காதில் தெளிவாகக் கேட்டது. அதற்கு மேல் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. அடியில் ஒட்டியது, கை பதறியது, ஆனாலும் விட்டேன். பழுப்பானதும் தண்ணீர் தெளித்துச் சுரண்டினேன். ஐந்து தடவை. மொத்தம் ஒரு மணி 35 நிமிடம். பாத்திரம் நிறைய இருந்தது இரண்டு கைப்பிடி ஆகிவிட்டது.

மாட்டெலும்பு ஸ்டாக் வீட்டில் ஆகாது. அதனால் ஷிடாகே ஊறிய நீர், தக்காளி பேஸ்ட், வெங்காயத் தோல், இரண்டு தேக்கரண்டி வினிகர். பகெத்தை முதல்நாளே வாங்கிக் காயவைத்தேன், கௌடாவும் எமென்டாலும் கலந்தேன். கிண்ணத்தை நம்பவில்லை, தட்டிலேயே சீஸை உருக்கி மேலே வைத்தேன். பிரெட் கடைசி வரை மிதந்தது.

பாரிஸில் குடித்தது மாதிரியா என்றால், இல்லை. அதில் இருந்த ஒரு கனம் இதில் வரவில்லை. ஆனால் வெங்காயத்தின் ருசி அதேதான். முதல் வாய் வைத்ததும் அந்த மழை ராத்திரி ஞாபகம் வந்துவிட்டது. வெங்காயமே பிடிக்காத என் பையன் இரண்டாம் தடவை கேட்டு வாங்கிக் குடித்தான்.

ஒரே ஒரு சந்தேகம். சூப் கொஞ்சம் தண்ணியாக இருந்தது. மைதா கூட்டலாமா?


பாரிஸ்_அடுப்படி:

தங்கச்சி, வாசித்துவிட்டு மனைவியிடமும் காட்டினேன். மிக்க சந்தோஷம்.

மைதாவைக் கூட்டாதீர்கள், குழம்பு மாதிரி ஆகிவிடும். நீங்கள் சொல்கிற அந்தக் கனம் எலும்பிலிருந்து இறங்கும் ஜெலட்டினால் வருவது. சைவமாகச் செய்யும்போது சைவ_அடுக்களை சொன்ன பருப்புத் தண்ணீரில் ஒரு கோப்பை சேர்த்துப் பாருங்கள், மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போகாமல். இன்னொன்று, வதக்கிய வெங்காயத்தில் இரண்டு கரண்டி எடுத்து அரைத்து, மறுபடி சூப்பிலேயே கலந்துவிடலாம். மிச்சம் இருந்தால் ஃபிரிஜ்ஜில் வைத்து மறுநாள் சூடாக்குங்கள், முதல்நாளைவிட நன்றாக இருக்கும். பாணையும் சீஸையும் மட்டும் அப்போதைக்கப்போது புதிதாகச் சேருங்கள்.


சைவ_அடுக்களை:

பருப்புத் தண்ணீர் ஊற்றுவதென்றால் துவரம்பருப்பில் மஞ்சள் போடாமல் வேகவையுங்கள் தேன்மொழி. பழக்கதோஷத்தில் ஒரு சிட்டிகை போட்டாலும் நிறமும் வாசமும் மாறிவிடும்.